விழுந்தவரைத் தூக்கப் போகும்போது

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு ஜூலை சனிக்கிழமை. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், மினியாபோலிஸிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஒரு ஏரியில் நண்பரின் படகை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஸ்கீ என்ற நீளப் பலகைகளைக் காலில் மாட்டிப் பின்னால் தண்ணீரில் சறுக்கி வந்தது அவருடைய மகன், அப்போது அவனுக்கு 12 வயது. படகின் அலையைக் குறுக்கே தாண்டப் பார்த்தான், ஒரு ஸ்கீ நழுவியது, தலைகுப்புற விழுந்தான். பின் இருக்கையில் இருந்தவர் "விழுந்துட்டான்!" என்று கத்தியதும் நான் வேகத்தைக் குறைக்கவே இல்லை, ஸ்டீயரிங்கை அப்படியே ஒடித்துப் பெரிய வட்டம் அடித்து, சில நொடிகளில் அவன் பக்கத்தில் போய் நின்றேன். பையன் தண்ணீரில் சிரித்துக்கொண்டிருந்தான். சரியான நேரத்தில் வந்துவிட்டோம் என்று எனக்கு நிம்மதி.

150 அடி தள்ளி ஒரு சின்ன அலுமினியப் படகில் ஒரு பெரியவரும் ஏழெட்டு வயதுப் பேத்தியும் தூண்டில் போட்டுக்கொண்டிருந்ததை நான் கவனித்திருக்கவில்லை. நான் அடித்த வட்டத்தின் அலை அவர்கள் படகைப் பக்கவாட்டில் பிடித்தது. படகு கவிழவில்லை, ஆனால் கவிழ்கிற அளவுக்குச் சாய்ந்தது, தூண்டில் பெட்டி தண்ணீருக்குள் போனது, அந்தக் குழந்தை தாத்தாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுத சத்தம் எங்கள் படகு வரை கேட்டது.

ஒரு மணி நேரம் கழித்து அவர் எங்கள் டாக்குக்கு, அதாவது படகு கட்டும் மேடைக்கு, வந்தார். சத்தம் போடவில்லை. "உங்கள் பையன் விழுந்தான், அவனைப் பார்த்தீர்கள், அது சரிதான். ஆனால் அவனைத் தவிர வேறு யாரையும் பார்க்கவில்லை" என்றார். பெட்டிக்குப் பணம் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டுப் போய்விட்டார். அந்தக் குழந்தை அதற்குப் பிறகு படகில் ஏறியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த நினைப்புதான் இதை எழுத வைத்தது.

வாட்டர் ஸ்கீயிங் செய்யும் நம்மவர்கள் இப்போது இங்கே நிறையப் பேர். கோடையில் கேபின் எடுக்கிறோம், படகு வாடகைக்கு எடுக்கிறோம், சிலர் சொந்தமாகவே வாங்கிவிட்டார்கள். எப்படி எழுந்து நிற்பது, எப்படி ஒற்றை ஸ்கீக்கு மாறுவது என்று சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது. ஒருவர் விழுந்ததும் படகை எப்படித் திருப்பி எடுத்து வருவது என்று சொல்லிக்கொடுக்கத்தான் ஆளைக் காணோம். ஏரியில் சண்டை வருவதும் பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்தில்தான்.

நேராகப் போகும் படகின் அலை இரண்டு பக்கமும் விரிந்து, ஒரு தடவை கரையைத் தொட்டு அடங்கிவிடும். வேகத்தோடு வட்டம் அடித்தால் கதை வேறு. அலை எல்லாத் திசையிலும் கிளம்பும், ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டும், கரையில் மோதித் திரும்பி வரும், அந்த வளைகுடா முழுவதும் கொஞ்ச நேரத்துக்குக் குலுங்கிக்கொண்டே இருக்கும். துடுப்புப் படகில் இருப்பவருக்கு எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிச் சமாளிப்பது என்றே புரியாது. நாம் மறுபடி ஸ்கீ ஓட்ட வேண்டியதும் அதே குழம்பிய தண்ணீரில்தான். இதற்கு இங்கே 'பவர் டர்ன்' என்று பெயர், பழைய ஸ்கீயர்களுக்கு இதைப் போலக் கோபம் வரவைப்பது வேறு எதுவும் இல்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆள் விழுந்ததும் வேகத்தை உடனே விட்டுவிட வேண்டும். படகு தண்ணீரில் அமரட்டும், நம் அலை நம்மைக் கடந்து போகட்டும். அப்புறம் மிக மெதுவாகத் திருப்பி, வந்த வழியிலேயே போய், ஓட்டுபவர் உட்கார்ந்திருக்கும் பக்கத்தில் விழுந்தவர் வருகிற மாதிரி நெருங்க வேண்டும், அப்போதுதான் அவர் தலை கண்ணிலிருந்து மறையாது. அவர் படகில் ஏறப் போகிறார் என்றால் என்ஜினை அணைத்தே விட வேண்டும். நியூட்ரலில் வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள், போதாது. தண்ணீருக்குள் இருக்கும் கால் எங்கே இருக்கிறது என்று மேலே இருப்பவருக்குத் தெரியாது, யாராவது தெரியாமல் லீவரில் கை வைத்தால் புரொப்பெல்லர் சுற்றிவிடும்.

அப்படி மெதுவாகப் போனால் விழுந்தவரை வேறு படகு மோதிவிடாதா? நானும் இதைக் கேட்டிருக்கிறேன். நியாயமான பயம்தான். மணிக்கு 30 மைல் வேகத்தில் வரும் படகு ஒரு நொடிக்கு 44 அடி கடக்கிறது. 300 அடி பின்னால் வருகிற ஒருவருக்கு, நம் ஆள் விழுந்த இடத்தை அடைய 7 நொடி கூட ஆகாது, தண்ணீரில் தெரிவதோ ஒரு தலை மட்டும். அதனால்தான் ஸ்கீயர் ஒருவரை இழுத்துப் போகும் படகின் பின்னாலேயே யாரும் போகக் கூடாது, பக்கவாட்டில் நன்றாகத் தள்ளிப் போக வேண்டும். அதனால்தான் விழுந்தவர் ஒரு ஸ்கீயைத் தண்ணீருக்கு மேலே நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், படகில் இருப்பவர் கொடியைத் தூக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் சிவப்பு அல்லது ஆரஞ்சுக் கொடி தூக்குவது சட்டம். எங்கே இருந்தாலும் அந்தக் கொடியைப் படகில் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன், விலை ஒரு பீட்சாவை விடக் குறைவு.

விழுந்தவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே கோத்துக் காட்டினால் நலமாக இருக்கிறார் என்று அர்த்தம். அந்த சைகை வரவில்லை என்றால் மட்டும் மேலே சொன்ன நிதானத்தை விட்டுவிட்டு வேகமாகப் போகலாம், போகவும் வேண்டும், அப்போதும் சுற்றிலும் பார்த்துவிட்டு. மற்ற சைகைகள் எளிதுதான்: கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு, கீழே என்றால் குறை, கழுத்துக்குக் குறுக்கே கையை வீசினால் நிறுத்து, தலையில் தட்டினால் டாக்குக்குத் திரும்பு. கரையில் நிற்கும்போதே எல்லோரும் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டுப் படகில் ஏறுங்கள்.

இதையெல்லாம் பார்த்து ஓட்டுபவருக்குச் சொல்வது பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஸ்பாட்டர். மின்னசோட்டா சட்டப்படி ஓட்டுபவரைத் தவிர இன்னொருவர் படகில் இருந்து ஸ்கீயரைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அல்லது பின்பக்கம் அகலமாகத் தெரியும் கண்ணாடி ஒன்று படகில் இருக்க வேண்டும். அந்தக் கண்ணாடிச் சலுகை எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடியைப் பார்க்கிற ஒவ்வொரு நொடியும் ஓட்டுபவர் முன்னால் பார்க்காத நொடி. ஸ்பாட்டராக உட்காருபவர் போனை உள்ளே வைத்துவிட வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும் என்றால் அதற்கு மூன்றாவதாக ஒருவர் வரட்டும்.

இந்த விளையாட்டு பிறந்ததே இந்த மாநிலத்தில்தான். மிஸ்ஸிஸிப்பி நதி அகன்று ஏரியாக விரிந்து கிடக்கும் பெப்பின் ஏரியில், லேக் சிட்டி என்ற ஊரில், 1922 ஜூலை 2 அன்று ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயது இளைஞர் முதன்முதலாகத் தண்ணீர்மேல் சறுக்கினார். பீப்பாய்ப் பலகையில் முயன்று பார்த்தார், பனிச்சறுக்குக் கட்டையில் பார்த்தார், ஒன்றும் சரிப்படவில்லை. கடைசியில் 8 அடி நீளப் பைன் பலகை வாங்கி, முனையைக் கொதிக்கும் தண்ணீரில் வேகவைத்து வளைத்து, அந்த முனைகளைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பின்னால் சாய்ந்தபோதுதான் எழுந்து நின்றார். படகை ஓட்டியது அவருடைய அண்ணன் பென். பெயர் என்னவோ சறுக்கியவருக்குத்தான். ஆனால் முதல் நாளிலிருந்தே இது ஒருவர் தனியாகச் செய்ய முடியாத விளையாட்டு, நான் படகு ஓட்டும்போதெல்லாம் எனக்கு அந்த அண்ணன் நினைவுதான் வரும்.

ஏரியில் எந்தத் திசையில் போவது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. நிறைய ஏரிகளில் இடஞ்சுழியாகச் சுற்றுவது வழக்கம், அதாவது கரை எப்போதும் நம் வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். கோயிலை வலம்வந்து பழகிய நமக்கு முதலில் இது தலைகீழாகத் தோன்றும். புது ஏரிக்குப் போனால் பத்து நிமிடம் கரையில் நின்று மற்றவர்கள் எப்படிப் போகிறார்கள் என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

நேரத்துக்கு வருவோம். ஸ்கீயர்கள் ஏங்குவது காலை நேரத்து அசையாத தண்ணீருக்காக. 'கிளாஸ்' என்று சொல்வார்கள், கண்ணாடி போலவேதான் இருக்கும். ஜூன் மாதம் இங்கே ஐந்தரைக்கே சூரியன் வந்துவிடும், சூரியன் வந்துவிட்டால் ஸ்கீ ஓட்டச் சட்டம் தடுக்கவில்லை, சூரியன் மறைந்து அரை மணி வரையும் ஓட்டலாம். ஆனால் அதே அசையாத தண்ணீருக்காகத்தான் மீன் பிடிப்பவரும் நாலு மணிக்கு எழுந்து வந்திருக்கிறார், கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகு ஓட்டுபவரும் வந்திருக்கிறார், கரையோர வீடுகளில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் ஏழு மணிக்கு முன் என்ஜினைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். பாட்டு போடுவதில்லை. தண்ணீரின் மேல் சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பது படகில் இருப்பவருக்குத் தெரியாது, கரையில் ஒரு நாள் படுத்துப் பார்த்தால் தெரியும். ஒரே வீட்டு வாசலுக்கு முன்னால் முப்பது தடவை போய் வராமல் ஏரியின் நீளவாக்கில் நகர்ந்துகொண்டே இருப்பதும் நாங்கள் வைத்துக்கொண்ட வழக்கம்தான்.

மிதவைகளை வளைந்து வளைந்து சுற்றிச் சறுக்கும் ஸ்லாலம் பாதை போட்டிருக்கும் ஏரிகளில் இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். 259 மீட்டர் நீளம், ஸ்கீயர் சுற்றிவர ஆறு மிதவைகள். மின்னசோட்டாவில் இதைப் பொது ஏரியில் போடக் கவுண்டி ஷெரிஃபிடம் (மாவட்டக் காவல் தலைவரிடம்) அனுமதி வாங்க வேண்டும். போட்டவர்கள் பணமும் உழைப்பும் செலவழித்திருக்கிறார்கள், அதற்காகத் தண்ணீர் அவர்களுடையது ஆகிவிடாது. அதே சமயம் காற்றடைத்த டியூப்பில் ஆளை உட்கார வைத்து இழுத்துக்கொண்டு அந்த மிதவைகளுக்கு நடுவே புகுந்து போவதும் நியாயமில்லை. ஒரு படகு ஓட்டும்போது மற்றது தூரமாக என்ஜினை நிறுத்திக் காத்திருக்க வேண்டும், ஒருவர் முறை முடிந்ததும் ஒதுங்க வேண்டும். எங்களுக்கு இரண்டு கோடைக்காலம் பக்கத்துப் படகுக்காரர்களோடு பேச்சே இல்லை. ஒரு நாள் ஒரு பெட்டி மாம்பழத்தோடு அவர்கள் டாக்குக்குப் போய் யார் எந்த நேரம் என்று பேசி முடித்தோம், கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

வயிறு நிறையத் தண்ணீர் நிரப்பிப் பெரிய அலை கிளப்பி, அந்த அலைமேலேயே ஆளைச் சறுக்க வைக்கும் வேக் சர்ஃப் படகுகள் மீது ஸ்கீயர்களுக்குத் தீராத மனக்குறை உண்டு. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் செயின்ட் ஆண்டனி நீர்வீழ்ச்சி ஆய்வுக்கூடம் 2022ல் அளந்து பார்த்து, அந்தப் படகுகள் கரையிலிருந்தும் டாக்கிலிருந்தும் 500 அடிக்கு மேல் தள்ளி ஓட வேண்டும் என்று பரிந்துரைத்தது, சாதாரணப் படகுகளுக்கு 200 அடி. இந்த 500ஐ மட்டும் மனப்பாடம் செய்து மற்றவரிடம் சொல்கிறோம், நமக்கான 200ஐ மறந்துவிடுகிறோம். தூண்டில் போடுகிறவர் கண்ணுக்கு நாமும் அந்தப் படகும் ஒன்றுதான்.

கரையோரம் தள்ளிப் போக இன்னொரு காரணமும் இருக்கிறது. லூன், இந்த மாநிலத்தின் பறவை, தண்ணீர் விளிம்பிலேயே கூடு கட்டும், நிலத்தில் அதற்கு நடக்க வராது. ஒரு பெரிய அலை வந்தால் முட்டை தண்ணீரில் போய்விடும். ஜூனில் குஞ்சைத் தாய் முதுகில் சுமந்துகொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன், அதைப் பார்த்தவர்கள் யாருக்கும் நாணல் பக்கம் படகை விரட்டக் கை வராது.

சாயங்காலம் படகை மேலே ஏற்றும் இடத்தில் எல்லோருக்கும் அவசரம். சாமானை அடுக்குவது, கயிறு கட்டுவது எல்லாம் சாய்தளத்தை விட்டு வெளியே வந்து செய்யுங்கள், பின்னால் வரிசை நிற்கிறது. ஆனால் படகில் ஒட்டிய செடியை அகற்றுவதிலும் படகின் அடி ஓட்டையை அடைக்கும் திருகைக் கழற்றித் தண்ணீரை வடிப்பதிலும் அவசரம் காட்டாதீர்கள். திருகைக் கழற்றாமல் சாலையில் படகை இழுத்துப் போவது இங்கே சட்டப்படி குற்றம். ஏரியைக் கெடுக்கும் வரிக்குதிரைச் சிப்பி (zebra mussel) ஒரு ஏரியிலிருந்து இன்னொரு ஏரிக்குப் போக நம் படகின் அடியில் தேங்கிய தண்ணீரே போதும், ஒரு தடவை வந்துவிட்டால் போகாது.

நண்பரின் மகனுக்கு இப்போது 17 வயது. 2025 ஜூலை 1 முதல், 2004 ஜூன் 30க்குப் பிறகு பிறந்தவர்கள் இங்கே மோட்டார் படகு ஓட்டப் பயிற்சி முடித்து அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்று வந்துவிட்டது, ஒவ்வொரு வருடமும் அந்த எல்லை விரிந்து 2028ல் 1987 ஜூன் 30க்குப் பிறகு பிறந்தவர்கள் வரை போகும். அவன் எழுதித் தேறிவிட்டான். எனக்குத் தேவையில்லாத வயது, ஆனாலும் அவனோடு உட்கார்ந்து நானும் முடித்தேன்.

போன சனிக்கிழமை அவன் ஓட்டினான், நான் ஸ்கீயில். இரண்டாவது சுற்றில் விழுந்தேன். மேலே வந்து கண்ணைத் துடைத்தபோது என்ஜின் சத்தம் ஏற்கெனவே அடங்கியிருந்தது, அவன் அம்மா கொடியைத் தூக்கிப் பிடித்திருந்தார். கையைக் கோத்துக் காட்டினேன். படகு மெதுவாகத் திரும்பி வர முக்கால் நிமிடம் ஆகியிருக்கும், நான் ஸ்கீயை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மிதந்தேன். பக்கத்தில் வந்ததும் என்ஜினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

"இன்னொரு தடவை போறீங்களா மாமா?"

போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவனே வலது பக்கம் கை காட்டினான். இரண்டு பேர் கயாக்கில் வளைகுடாவைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தார்கள்.

"அவங்க போயிடட்டும் மாமா, கயிறைப் பிடிச்சுக்கோங்க" என்றான்.