முதுகுக்குப் பின்னால் ஒரு பை

நான் லிஃப்ட்டில் ஏறியதும் அந்த அம்மா தன் பிளாஸ்டிக் பையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

என் தோளில் துணிப்பை.

அவருடையது பலமுறை கழுவிய பை. அறுந்த கைப்பிடியில் முடிச்சு. என்னுடையது புதுசு. வீட்டில் இன்னும் 11 இருக்கின்றன.

பருத்திப் பையை 131 முறையாவது பயன்படுத்தினால்தான், புவி வெப்பமாதல் கணக்கில், ஒரே முறை பயன்படுத்திய சாதாரண பிளாஸ்டிக் பைக்கு அது சமமாகும் என்றது இங்கிலாந்து சுற்றுச்சூழல் முகமையின் 2011 ஆய்வு. குப்பையாகச் சேர்வது வேறு கணக்கு, சரி.

அப்புறம், தனிமனிதரின் கார்பன் தடத்தை, அதாவது அவர் வாழ்க்கைமுறையால் வெளியேறும் கரியமில வாயுவின் அளவை, கணக்கிடும் கருவியை 2004-இல் இணையத்தில் வைத்தது பிபி என்ற எண்ணெய் நிறுவனம்.

கூசி நின்றதோ இந்த அம்மா.

அடுத்தமுறை பார்த்தால் அந்த முடிச்சைப் பாராட்டிப் பேச வேண்டும்.