மணலுக்குள் யாரைக் குடிவைப்பது?

மணல் சலிக்கும் நட்சத்திர மீன் ஒன்றை நான் பட்டினி போட்டுக் கொன்றிருக்கிறேன். கடல்நீர்த் தொட்டியின் மணலைச் சுத்தமாக வைத்திருக்க எந்த உயிரினத்தை வாங்கலாம் என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் இப்போது சொல்லும் பதில் முழுவதும் அந்தத் தவறிலிருந்து வந்தது என்பதால், அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பினாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் முன்னறையில் இருப்பது நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் கொண்ட தொட்டி; ஏறத்தாழ 240 லிட்டர் பிடிக்கும். அடியில் 4 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பவள மணல் பரப்பியிருக்கிறேன். இந்த ஊர் வெக்கையில் குளிர்விப்பான் இல்லாமல் நீரை 26 பாகையில் நிறுத்த முடியாது. தொட்டி தொடங்கிய மூன்றாம் மாதம் மணல் முழுவதும் பழுப்பு நிறப் படலம் படர்ந்தது. அது புதிய தொட்டிகளில் நீரிலுள்ள சிலிக்காவை உண்டு வளரும் டயாட்டம் பாசி. பெரும்பாலும் சில வாரங்களில் தானே அடங்கிவிடும். அன்று எனக்கு அந்தப் பொறுமை இல்லை. "இது ஒன்னு போதும்ண்ணே, மணல் வெள்ளை வெளேர்னு ஆயிடும்" என்று கடைக்காரத் தம்பி சொன்னதை நம்பி, நட்சத்திர மீனை வாங்கி வந்தேன்.

அவர் சொன்னது பொய்யில்லை. மூன்றே வாரத்தில் மணல் புதிதாகக் கொட்டியதுபோல் ஆனது. ஆனால் ஆஸ்ட்ரோபெக்டன் இனத்தைச் சேர்ந்த அந்த உயிரினம் மணலைக் கிளறியது பாசிக்காக அன்று. மணலுக்குள் வாழும் புழுக்களையும் நுண்ணிய ஓட்டுடலிகளையும் குட்டிச் சிப்பிகளையும் தின்பதற்காக. மணலை உண்மையில் பராமரிப்பவை அந்தச் சிற்றுயிர்கள்தாம். அவற்றைத் தின்று தீர்த்த பிறகு அதற்கு இரையில்லாமல் போனது. ஐந்தாம் மாதத்தில் ஒரு கையின் நுனி கரையத் தொடங்கியது. அடுத்த வாரமே அது இறந்துவிட்டது. என் தொட்டியின் அளவில் இந்த நட்சத்திர மீனை யாரும் வைக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

ஆகவே கடைக்குப் போகுமுன், மணலில் கிடப்பது என்ன அழுக்கு என்று பாருங்கள். மிச்சத் தீனியா, பாசியா, மீன் கழிவும் மக்கும் துகள்களும் கலந்த வண்டலா, அல்லது வழுவழுப்பான சிவப்புப் படலமா? கடைசியாகச் சொன்னது சயனோபாக்டீரியா. அதை நம்பகமாகத் தின்னும் உயிரினம் ஒன்றையும் நான் கண்டதில்லை. நீரோட்டத்தைக் கூட்டித் தீனியைக் குறைப்பதுதான் வழி. மற்ற ஒவ்வொன்றுக்கும் ஏற்ற வாய் தனித்தனியாக இருக்கிறது.

மிச்சத் தீனிக்கு நசாரியஸ் நத்தை. பகலெல்லாம் மணலுக்குள் புதைந்து, யானை தும்பிக்கையைத் தூக்கியதுபோல் ஒரு மெல்லிய குழலை மட்டும் வெளியே நீட்டியிருக்கும். இறால் துண்டு ஒன்று விழுந்தால் போதும், ஒரு நிமிடத்துக்குள் அத்தனையும் மணலைப் பிளந்துகொண்டு எழும்பும். ஒரு தைப்பூசத்தின்போது மூன்று நாளும் தண்ணீர்மலை அடிவாரத்தில் தண்ணீர்ப் பந்தல் வேலையாக இருந்தேன். தொட்டியைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பையன் அன்பின் மிகுதியால் ஒரு வாரத் தீனியை அந்த மூன்று நாளில் போட்டுவிட்டான். நீர் கெட்டுப்போகாததற்கு எட்டு நசாரியஸ் நத்தைகளே முக்கியக் காரணம் என்று நம்புகிறேன். ஆனால் இவை ஊன் உண்ணிகள், பாசியைத் தொடமாட்டா. பாசிக்காக இவற்றை வாங்கியவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

பாசிக்கும் வண்டலுக்கும் செரித் நத்தையே என் முதல் தேர்வு. கூம்புபோல் நீண்ட ஓடு கொண்ட இது இரவில் மணல், கல், கண்ணாடி என்று எல்லா இடத்தையும் மேயும். மேல் மணலுக்குள் புகுந்தும் வேலை செய்யும். நம்மூரில் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்து உறிஞ்சித் தின்னும் சிப்புட் செடுட் இதற்குத் தூரத்து உறவுதான். ஆனால் அது சதுப்புநிலச் சேற்றில் வாழ்வது. சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதைத் தொட்டியில் விட்டுப் பார்க்க வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது சங்கு நத்தை. நீண்ட காம்புகளின் நுனியில் இரண்டு கண்கள், நடுவே துழாவிக்கொண்டே போகும் ஒரு தும்பிக்கை என்று, மணலின் மேற்பரப்பை அங்குலம் அங்குலமாகத் துடைத்துக்கொண்டு நகரும். கவிழ்ந்துவிட்டால் அரிவாள் போன்ற ஓட்டு மூடியை மணலில் ஊன்றித் தானே நிமிர்ந்துகொள்ளும். ஜொகூர் பக்கத்துக் கடலுணவுக் கடைகளில் அவித்துத் தரும் கொங்கொங் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆறு சதுர அடி மணலுக்கு ஒன்று போதும். இரண்டாவதை விட்டால் இரண்டும் மெலியும்.

கடல் அட்டை மணலை விழுங்கி, அதிலுள்ள கரிமப் பொருளைச் செரித்து, சுத்தமான மணலை உருண்டைகளாகக் கழிக்கும். திறமையில் இதற்கு ஈடில்லை. ஆனால் அது நீரேற்றியின் வாயில் சிக்கிச் சிதைந்தால், உடலிலுள்ள நச்சு நீரில் கலந்து மீன்களைக் கொன்றுவிடக்கூடும். கடல் அட்டையிலிருந்து எடுக்கும் லங்காவி கமாட் எண்ணெயைப் போத்தலில் வாங்கி வீட்டில் வைத்திருப்பவர்கள்கூட, அதே வகை உயிரினத்தைத் தொட்டிக்குள் விடுமுன் நீரேற்றிகளுக்கெல்லாம் பஞ்சு உறை மாட்டியாயிற்றா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

டைமண்ட் கோபி மீன் வாய் நிறைய மணலை அள்ளிச் செவுள் வழியே சலித்துக் கொட்டும் காட்சி அழகானது என்பதை மறுக்கவில்லை. கொட்டும் மணல் பவளங்களின்மேல் விழும். மணலில் இரை தீர்ந்தால், கையால் கொடுக்கும் தீனிக்குப் பழகாத மீன் இளைத்துப்போகும். மூடியில்லாத தொட்டியிலிருந்து தரைக்குத் துள்ளிவிடும். துறவி நண்டுகளையும் நான் தவிர்த்துவிட்டேன். பெயர்தான் துறவி, ஓட்டுக்காக நத்தையைக் கொல்லத் தயங்காது. பெலாங்காஸ் எனும் குதிரைலாட நண்டின் குட்டியை மணல் கிளறுவதற்கென்று யாராவது விற்றால், அதன் தாய் எவ்வளவு பெரியது என்பதை நினைத்துப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

எதை வாங்கினாலும், உப்பளவு திடீரென மாறினால் நத்தைகள் தாங்கா என்பதால், தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து ஒரு மணி நேரமாவது பழக்கிய பிறகே விடுகிறேன். மீன் நோய்க்குச் செம்பு கலந்த மருந்தைத் தொட்டியில் ஊற்றினால் இவை அனைத்தும் மடியும். அதனால் மருத்துவம் தனித் தொட்டியில்தான்.

இப்போது என் மணலில் எட்டு நசாரியஸ், பத்துச் செரித், ஒரு சங்கு நத்தை. பாசி குறைந்த வாரங்களில் சங்கு நத்தைக்காக ஒரு துண்டு உலர்ந்த கடற்பாசியைக் கல்லுக்கடியில் செருகிவைக்கிறேன். வலது மூலையில் மட்டும் எப்போதும் சிறிது பழுப்புப் படலம் இருக்கும், அதைத் துடைப்பதில்லை.