அம்மாவின் நேர்ச்சைப் பூக்கள்

உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தைய நாளான பெரிய சனிக்கிழமை விடியுமுன்பே கடலூரில் பஸ் ஏறிவிட்டோம். அம்மா, நான், ஊன்றுகோலோடு தம்பி. விபத்துக்குப் பிறகு அவன் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் திறக்காமல் கிடந்தபோது அம்மா நேர்ந்துகொண்டது இது. “தாயே, என் பிள்ளை எழுந்து நடந்தால், உயிர்ப்புத் திருநாளுக்கு உன் மகனின் பீடத்தை வெள்ளைப் பூவால் நிறைக்கிறேன்.” அம்மாவுக்குத் திருமுழுக்கும் திருமணமும் நடந்தது புதுச்சேரி மிஷன் வீதி ஜென்மராக்கினி மாதா கோயிலில். வாழ்க்கைப்பட்டு வந்த ஊர் கடலூர் என்றாலும், ஆபத்தென்றால் அவர் வாயில் வருவது அந்தத் தாயின் பெயர்தான்.

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் கால் வைக்கவே தரகர்கள் சூழ்ந்துகொண்டார்கள். “கோயிலுக்கா? நான் வாங்கித் தருகிறேன்” என்று கையிலிருந்த பையையே பிடுங்கப் பார்த்தார் ஒருவர். ஆண்டவருக்கு வாங்கும் பூவிலுமா கமிஷன்? வயிறு எரிந்தது. நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு பாட்டியிடம் போய் நின்றோம். சம்பங்கிக் கட்டுகளும் ஓசூர் வெள்ளை ரோஜாவும் எடுத்துத் தந்துவிட்டு, இன்னொரு கட்டையும் மேலே வைத்தார். “சாமிக்குத்தானே, என் பங்கும் இருக்கட்டும்.” அந்த அம்மாள் நன்றாக இருக்க வேண்டும்.

1791-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கோயிலுக்குள் நுழைந்தால், துகில் களைந்த பீடம் வெறுமையாக நின்றது. தவக்காலம் முழுக்கப் பூ வைக்காத இடம். பூ செருகும் பச்சைப் பஞ்சுக்கட்டியைத் தண்ணீரில் அழுத்தவிடவில்லை அங்கிருந்த கன்னியாஸ்திரி சிஸ்டர். அதுவாகக் குடித்து அதுவாக மூழ்க வேண்டும். அழுத்தினால் நடுவில் காற்று தங்கி, அங்கே செருகிய பூ இரவுக்குள் வாடிவிடுமாம். தண்டுகளைச் சாய்வாக நறுக்கித் தம்பி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அம்மா செருகினார். பீடத்தின் மேல் பூ வேண்டாம், அது பலிக்கு உரிய இடம், சுற்றிலும் வைத்தால் போதும் என்றார் சிஸ்டர். உயிர்ப்பு இரவில் ஏற்றும் பெரிய மெழுகுவர்த்தியான பாஸ்கா திரியின் தண்டுக்கு மல்லிகைச் சரத்தை அம்மாவே சுற்றினார். வெயிலில் வியர்வை ஒழுக, கோயில் பணியாளரான கோயில்பிள்ளை ஈரச் சாக்குகளைக் கொண்டுவந்து மீதிப் பூவை மூடிவைத்தார்.

இரவு வெளியே நிற்கக்கூட இடமில்லை. விடுமுறைக்கு வந்த சுற்றுலாக் கூட்டம் வேறு. புது நெருப்பு மந்திரிக்கும் நேரத்தில் தலைக்கு மேல் செல்போன்களைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். இருட்டில் காத்திருப்பதற்காகத்தானே இந்த இரவு! அதைக் கெடுக்க எப்படி மனம் வருகிறது?

ஆனாலும் “கிறிஸ்துவின் ஒளி” என்று பாடிக்கொண்டே திரி உள்ளே வந்தபோது எல்லாம் மறந்துவிட்டது. கை மாறிக் கை மாறி வந்த சுடர் தம்பியின் மெழுகுவர்த்தியையும் தொட்டது. திரியின் முன் பாடும் பாஸ்கா புகழுரை நீளமானது. உட்காரச் சொல்லி அம்மா சட்டையை இழுத்தார். அவன் உட்காரவில்லை. ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு, ஒரு கையில் மெழுகுவர்த்தியும் மறு கை முன் பெஞ்சிலுமாகக் கடைசி வரி வரை நின்றான். கால் நடுங்கியது. சூடான மெழுகு விரலில் வழிந்ததையும் அவன் கவனிக்கவில்லை. அம்மா பீடத்தைப் பார்க்கவில்லை, அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசகங்கள் முடிந்து “உன்னதங்களிலே” கீதம் தொடங்கியதும், பெரிய வியாழனிலிருந்து மௌனமாக இருந்த மணிகள் ஒரேயடியாக ஒலித்தன. விளக்குகள் எரிந்தன. சம்பங்கி அத்தனையும் விரிந்திருந்தது. வாசனை எங்கள் வரிசை வரை வந்தது. அம்மா வாய்விட்டு அழுதார், நானும் அழுதேன். பிறகு நடந்தது எதுவும் எனக்கு வரிசையாக நினைவில்லை. யார் யாரோ கையைப் பிடித்து உயிர்ப்புத் திருநாள் வாழ்த்துச் சொன்னார்கள்.

ஆண்டவரே, உமக்கு நன்றி. ஜென்மராக்கினித் தாயே, நன்றி. மருத்துவமனையில் இரவெல்லாம் கண்விழித்த செவிலியர்களுக்கும், முகம் தெரியாமல் இரத்தம் கொடுத்தவர்களுக்கும், அந்தப் பூக்காரப் பாட்டிக்கும் சேர்த்துத்தான் அன்று நன்மை (நற்கருணை) வாங்கினோம். அல்லேலூயா!