ரேழியில் அடுப்பு

அக்டோபர் 3
சமையலறையை இடித்தாயிற்று. அடுப்பு ரேழிக்கு வந்துவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இன்றைக்கு என்ன குழம்பு என்று எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது.

அக்டோபர் 4
ரசத்தில் மண்.

அக்டோபர் 8
கிழக்குச் சுவர் ஓதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். தரையிலிருந்து இரண்டரை அடி. மேஸ்திரி சிரிக்கிறார். "பிள்ளைக்கு உயரம் குறிக்கிற மாதிரி குறிக்கிறீங்களேம்மா."

அக்டோபர் 13
தூக்கம் வரவில்லை. நிலைப்படி பார்க்க வந்த பெரியவர், வயதான கொத்தனார், அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்தார். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது, அடியில் ஈரத்தைத் தடுக்கிற டிபிசி அடுக்கு கிடையாது, மண்ணிலிருந்து ஈரம் ஏறத்தான் செய்யும் என்றார். சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை ஏறின ஈரம் அப்படியே வெளியே காய்ந்துபோகும். மேலே சிமெண்ட்டைப் பூசிவிட்டால்? போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். "யாரு பூசினது?" என்று கேட்டார். அப்பா. 1994. பூசி முடித்த அன்று தெருவையே கூட்டிவந்து காட்டினார்.

மறுபடி சுண்ணாம்பே பூசலாமாம். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் குழைக்க வேண்டும், ஒவ்வொரு பூச்சும் நிதானமாகக் காய வேண்டும். மேஸ்திரிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "கெமிக்கல் கலந்து சிமெண்ட் பூசிட்டா ரெண்டு நாள் வேலை. சுண்ணாம்பு பூச இப்ப ஆள் ஏது?"

நல்லவேளை, அப்பாவிடம் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

அக்டோபர் 17
அட்வான்ஸ் கொடுத்தேன். தீபாவளி கழிந்து இரண்டு நாளில் வந்துவிடுவார்களாம்.

அக்டோபர் 20
ஜல்லிக் குவியல் பக்கத்தில் புஸ்வாணம். அம்மாவுக்குக் கிணற்றடியில் தார்ப்பாய் மறைப்பு கட்டி எண்ணெய்க் குளியல்.

அக்டோபர் 27
யாரும் வரவில்லை.

அக்டோபர் 28
போனும் எடுக்கவில்லை.

நவம்பர் 2
மழை. இருந்த ஒரே தார்ப்பாயை எம்-சாண்ட் மேல் போட்டுவிட்டேன். ஓதம் கோட்டைத் தாண்டிவிட்டது. புதுக் கோடு, மூன்றடி.

ராத்திரி அம்மாவுக்கு இழுப்பு. சிமெண்ட் மூட்டைகளுக்கும் அடுப்புக்கும் நடுவில் கட்டிலில் உட்கார்ந்தே விடிந்தது. தூசியிலிருந்து தள்ளி இருக்கச் சொல்கிறார் டாக்டர். எங்கே தள்ளி? தம்பி சென்னைக்குக் கூப்பிடுகிறான். அதற்கு அம்மாவின் பதில்: "வீட்ல கொத்தனாரை வச்சுக்கிட்டு எப்படிடா வர்றது?"

எந்தக் கொத்தனார்?

நவம்பர் 7
வந்தார்கள். நேற்றுதான் போனவர்கள் மாதிரி டீ கேட்டார்கள். போட்டுக் கொடுத்தேன்.

நவம்பர் 10
கிழக்குச் சுவரில் பூச்சைக் கொத்தி எடுத்தார்கள். என் கோடுகளும் தேதிகளும் சாந்துச் சட்டியில் ஏறி வாசலுக்குப் போயின. உள்ளே செங்கல் கறுத்திருக்கிறது. நகத்தால் கீறினால் மாவாக உதிர்கிறது. எது பூசினாலும் சரி, முதலில் நன்றாகக் காயட்டும் என்கிறார் பெரியவர். மேஸ்திரி நாளைக்கே பூசிவிடலாம் என்கிறார். காய விட்டால் மார்கழி வந்துவிடும்.

நவம்பர் 12
பூச விடவில்லை. மேஸ்திரி என்னோடு பேசுவதில்லை. அம்மாவிடம்தான் கணக்குச் சொல்கிறார்.

நவம்பர் 13
ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கு எரிந்தது. அம்மா செங்கல்லில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் சில்லுன்னுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்து படுத்தாள். இழுப்பு இல்லை. அல்லது மழைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

நவம்பர் 15
கும்பேஸ்வரர் கோயில் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் இரண்டு கிலோ கடுக்காய் வாங்கினேன். யாருக்கு வயிறு சரியில்லை என்று கேட்டார் கடைக்காரர். மேஸ்திரியிடம் இன்னும் சொல்லவில்லை.