பால்கனித் தரையும் ஹால் தரையும் நாய்க்கு ஒன்றுதான்

பெங்களூர் அடுக்குமாடியில் குட்டி வந்த முதல் வாரம் அதைப் பால்கனியில் விடுவார்கள். அங்கே ஒன்றுக்குப் போனால் "சமத்து" என்று தட்டிக் கொடுப்பார்கள். அடுத்த வாரம் அதே குட்டி ஹாலில் டி.வி. ஸ்டாண்டு ஓரமாகப் போய் வைக்கும். "தெரிஞ்சே பண்ணுது, திமிரு" என்று பேச்சு கிளம்பும். திமிரெல்லாம் இல்லை. பல ஃப்ளாட்டுகளில் பால்கனியிலும் ஹாலிலும் ஏறக்குறைய ஒரே டைல்ஸ்தான். காலுக்கு அடியில் என்ன தட்டுப்படுகிறது, மூக்குக்கு என்ன வாசம் வருகிறது, இந்த இரண்டையும் வைத்துத்தான் நாய் இடம் பார்க்கிறது. டைல்ஸில் போகலாம் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்கள்; அது கற்றுக்கொண்டது.

தேங்காய் நார் மிதியடியில் போவதும் இதே கதைதான். நாரின் சொரசொரப்பு புல்லை ஒத்திருக்கும், ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். கூண்டில் செய்தித்தாள் மேலேயே வளர்ந்த குட்டி, நீங்கள் சோபாவில் போட்டுவிட்டுப் போன பேப்பரைத் தேடி வரும். ஏழெட்டு வார வயதிலிருந்தே இந்த 'எதன் மேல் போவது' என்ற பழக்கம் படியத் தொடங்கிவிடும். ஆகவே பயிற்சி முடியும்வரை மிதியடி, கார்ப்பெட், பாத்ரூம் வாசல் துணி எல்லாவற்றையும் சுருட்டிப் பரணில் போடுங்கள்.

அடுத்து, வீட்டில் வேறெங்கும் இல்லாத ஒரு தரையை அதற்குக் கொடுக்க வேண்டும். சிறந்தது நிஜப் புல். லால்பாக் பக்கம் சித்தாபுரா நர்சரிகளிலோ உங்கள் ஏரியா நர்சரியிலோ மண்ணோடு வெட்டியெடுத்த புல் பத்தை கேளுங்கள். இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் ட்ரேயில் அடியில் ஓட்டை போட்டு, கீழே இன்னொரு தட்டு வைத்து, மேலே பத்தையைப் பரப்பினால் போதும். லாப்ரடார் மாதிரிப் பெரிய ஜாதிக்கு இது சீக்கிரமே பற்றாது. செயற்கைப் புல்லானால் தினமும் அலசிக் காய வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் நாள் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வரும். பின்னால் கீழே கூட்டிப் போகும்போது புல்லில் பழகிய குட்டிக்குப் புதிதாக எதுவும் கற்றுத்தர வேண்டியிருக்காது. டிரெய்னிங் பேடில் (சிறுநீரை உறிஞ்சும் விரிப்பில்) பழகியதற்கு அது இரண்டாவது பாடம்.

ட்ரே எதற்கு, நேராகக் கீழே தெருவுக்கே கொண்டுபோகலாமே என்றால், தடுப்பூசிதான் காரணம். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் ஊசிகள் பதினாறு வாரம் வாக்கில்தான் முடியும். குட்டிகளின் உயிருக்கே உலை வைக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஊசிகள் முடியும்வரை வேறு நாய்கள் புழங்கும் மண்ணில் இறக்காதீர்கள்.

நேரக் கணக்கு எளிது. வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்று கூட்டினால் வருவது குட்டி அடக்க முடிகிற அதிகபட்ச மணி நேரம். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி. ஆனால் அது உச்ச வரம்பு. விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை கொண்டுபோங்கள். தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்டுப் பத்திருபது நிமிடத்தில், விளையாட்டின் நடுவில் திடீரென்று தரையை மோந்துகொண்டு வட்டமடித்தால் அந்த நொடியே. இரவில் ஒருமுறையாவது அலாரம் வைக்க வேண்டியிருக்கும். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடலாம். பகலில் தண்ணீரைக் குறைக்கவே கூடாது.

கயிற்றைக் கட்டியே இடத்துக்குக் கொண்டுபோங்கள். கட்டாமல் விட்டால் விளையாட்டு என்று நினைத்துக்கொள்ளும். ஐந்து நிமிடம் சிலை மாதிரி நில்லுங்கள், போன் வேண்டாம். போகும்போது ஒரு சொல்லை மட்டும் சொல்லுங்கள். தாத்தா ஒன்று, பிள்ளைகள் ஒன்று, வேலைக்கு வருகிற அக்கா கன்னடத்தில் ஒன்று என்று இருந்தால் எதுவும் மண்டையில் ஏறாது. முடித்த இரண்டு நொடிக்குள், அதே இடத்தில், பட்டாணி அளவு வேகவைத்த சிக்கன். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் உள்ளே வந்ததற்குக் கொடுத்த கூலியாகிவிடும். போகவில்லையா, திரும்பி வந்து கூண்டிலோ மடியிலோ பத்துப் பதினைந்து நிமிடம் வைத்திருந்து மறுபடியும் போங்கள். வெளியில் பிடிவாதமாக நின்றுவிட்டு உள்ளே வந்து போகும் குட்டிகள் பல, இந்த இடைவெளியில் கண்காணிக்காமல் விட்டதால்தான் அப்படிச் செய்கின்றன.

கூண்டு பற்றி ஒன்று: எழுந்து நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். 'வளர்ந்தாலும் ஆகுமே' என்று பெரியதாக வாங்கினால் ஒரு மூலை படுக்கை, இன்னொரு மூலை கக்கூஸ். பெரியதுதான் வாங்கியாயிற்று என்றால் நடுவில் தடுப்புப் பலகை வையுங்கள்.

கீழே நடக்கத் தொடங்கியபின் ஒரு சிக்கல் வரும். முடித்ததும் உடனே லிஃப்ட் ஏறிவிடுகிறோம், ஆபீஸ் கேப் வந்துவிடும் என்ற அவசரத்தில். 'போனால் வாக்கிங் முடிந்தது' என்று நாய் கண்டுபிடித்து, கடைசிவரை இழுத்தடிக்கும். முடித்தபின் ஐந்து நிமிடமாவது சுற்றிக் காட்டுங்கள். செப்டம்பர், அக்டோபர் சாயங்கால மழையில் ஈரப்புல்லைத் தொடமாட்டேன் என்பவை உண்டு. மழைக்காலத்துக்கு மட்டும் பால்கனி ட்ரேயைத் திரும்ப வைப்பதில் தப்பில்லை.

இனி சுத்தம் செய்வது. பயிற்சி சரியாக நடந்தும் அதே மூலைக்கே திரும்பிப் போகிறது என்றால், காரணம் பெரும்பாலும் மாப் பக்கெட்டில் இருக்கிறது. ஃபினாயில் நம் மூக்குக்கு மறைக்கும். அடியில் இருக்கும் சிறுநீர் வாசம் நாய்க்குத் தெரிந்துகொண்டே இருக்கும். அமோனியா கலந்த கிளீனர் சிறுநீர் வாசத்துக்கே பக்கத்தில் வரும். பிளீச்சிங் ஊற்றினால் சிறுநீரோடு சேர்ந்து மூச்சைப் பிடிக்கும் வாயு கிளம்பும். முதலில் பழைய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்த்தால் டைல்ஸ் இடுக்குக்குள் பரவும். பிறகு சிறுநீரைச் சிதைத்து வாசத்தைப் போக்கும் என்சைம் கிளீனரை இடுக்கு ஊற ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, ஒற்றி, தானாகக் காய விடுங்கள். உடனே துடைத்தால் என்சைமுக்கு வேலை செய்ய நேரமே இல்லை. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்தும் தெளிக்கலாம், ஆனால் மார்பிள் தரையில் வேண்டாம், பளபளப்பு போய்விடும். பழைய கறை எங்கே என்று தெரியாவிட்டால் இரவில் விளக்கை அணைத்து யு.வி. டார்ச் அடித்துப் பாருங்கள், மஞ்சள் பச்சையாக ஒளிரும். மாப் போடும் அக்காவிடம் விஷயத்தைச் சொல்ல மறக்க வேண்டாம்.

சிறுநீரில் அதன் மூக்கைத் தேய்ப்பது, பேப்பரைச் சுருட்டி அடிப்பது இரண்டும் பலன் தராதது மட்டுமில்லை, கெடுக்கும். உங்கள் முன்னால் போவது ஆபத்து என்று புரிந்துகொண்டு சோபாவுக்குப் பின்னால் போகும். கயிற்றின் மறுமுனையில் நீங்கள் நிற்பதால் வெளியிலும் போகாது. கையும் களவுமாகப் பிடித்தால் கையைத் தட்டி நிறுத்தி, தூக்கிக்கொண்டு ட்ரேக்கு ஓடுங்கள். போன பிறகுதான் பார்த்தீர்கள் என்றால் பேசாமல் துடையுங்கள்.

எல்லாமே பயிற்சிக் குறைவு இல்லை. ஆண் நாய் காலைத் தூக்கி சுவரிலும் கட்டில் காலிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் அது அடையாளம் போடுவது. கருத்தடை பலவற்றில் குறைக்கும், எல்லாவற்றிலும் இல்லை. நீங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் குனிந்து கொஞ்சும்போது சொட்டினால் பணிவோ குதூகலமோ. வந்த ஐந்து நிமிடம் கண்டுகொள்ளாமல் இருங்கள், பிறகு பக்கவாட்டில் உட்கார்ந்து கூப்பிடுங்கள். கருத்தடை செய்த பெண் நாய் தூங்கும் இடத்தில் ஈரம் தெரிந்தால் அது ஹார்மோன் சம்பந்தப்பட்ட கசிவாக இருக்கலாம், மாத்திரையில் கட்டுப்படும்.

வருடக்கணக்கில் சரியாக இருந்த நாய் திடீரென்று உள்ளே போகத் தொடங்கினால் பயிற்சியை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். காலை முதல் சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் பிடித்து கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சிறுநீர்த் தொற்று, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு மூன்றையும் முதலில் பார்ப்பார். தண்ணீர் வழக்கத்தைவிட அதிகம் குடிக்கிறதா என்பதையும் கவனித்துச் சொல்லுங்கள். முக்கி முக்கிச் சொட்டுக்கூட வராமல் நின்றால் அப்பாயின்ட்மென்ட் பார்க்காதீர்கள், அன்றைக்கே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.