செத்த அடகு

வீட்டுக் கடன் பத்திரத்தில் இன்று மட்டும் 37 கையெழுத்து. பதினைந்தாவதிலேயே என் பெயர் புழு நெளிந்த மாதிரி ஆகிவிட்டது.

அலுவலர் ஒவ்வொரு தாளாக முத்திரை குத்திக்கொண்டிருக்க, எனக்கு வேறு வேலை இல்லாமல் தலைப்பில் இருந்த 'மார்ட்கேஜ்' என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய பிரெஞ்சு அது. மோர் என்றால் செத்தது, காஜ் என்றால் அடகு. 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்களின் பேச்சு நீதிமன்றத்துக்குள்ளும் புகுந்தது, அப்படி வந்த சொல். நடுவில் இருக்கும் டி-யை ஆங்கிலேயர் உச்சரிப்பதில்லை, அதுவும் செத்த எழுத்துதான்.

சரி, எது செத்தது?

கடனைக் கட்டாவிட்டால் நிலம் கடன் வாங்கியவனுக்குச் செத்தது, கட்டிவிட்டால் கடன் கொடுத்தவனுக்குச் செத்தது என்று 1628இல் விளக்கம் சொன்னார் எட்வர்ட் கோக் என்ற சட்ட அறிஞர்.

எனக்கு அதைவிடப் பழைய விளக்கம்தான் பிடித்திருக்கிறது. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், அடகு வைத்த நிலத்தின் விளைச்சல் கடனில் கழியாமல் கடன் கொடுத்தவன் வீட்டுக்கே போய், அசல் அப்படியே நின்றால் அதுதான் செத்த அடகு.

அட, நம்ம ஊர் ஒத்தி! தாத்தா ஒத்திக்கு விட்ட கிணற்றடி வயலின் நெல் வருஷா வருஷம் அடுத்த வீட்டுக் குதிருக்குத்தான் போனது, அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் விவரமானவர்கள். இந்தச் சொல்லை ஆங்கிலேயன் தலையில் கட்டிவிட்டு, அவர்கள் இப்போது கிரேக்கத்திலிருந்து வந்த 'இப்போதெக்' என்கிறார்கள்.

"சார், இங்க ஒண்ணு விட்டுட்டீங்க" என்றார் அலுவலர்.

38.