கல்யாணக் கேள்வி வந்தால் காசைத் தேடுங்கள்

தேர்வு முடிவு வந்துவிட்டது, இப்போதுதான் மூச்சு சீராக வருகிறது. குடிமைப் பணி முதன்மைத் தேர்வுக்கு ஆங்கில இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுத்திருப்பவர்களுக்கு மட்டும் இது. தாள் அமைப்பு, பாடத்திட்டம் எல்லாம் உங்களுக்கே தெரியும். முதல் தாள் நாவல்களில் பெண், திருமணம், சமூகம் என்று ஏதோ ஒரு வடிவில் வரும் கேள்வியைப் பற்றித்தான் பேச்சு.

விடையை ‘ஆணாதிக்கச் சமூகம்’ என்று தொடங்காதீர்கள். இங்கிலாந்து நாவல்கள் ஐந்துக்கும் அந்த வரியை மாற்றாமல் ஒட்டலாம். திருத்துபவர் அதை அன்று காலையிலிருந்தே படித்துக்கொண்டிருப்பார். இரண்டு விஷயம் தேடுங்கள்: எவ்வளவு பணம்? அந்த வருடத்தில் சட்டம் என்ன?

சட்டத்துக்கு நாலே வருடம் போதும்.

1753: ஹார்ட்விக் திருமணச் சட்டம். ரகசியக் கல்யாணத்துக்குத் தடை. ஸ்காட்லாந்துக்குச் செல்லாது. பிரைட் அண்ட் பிரெஜுடிஸில் லிடியா ஓடியதும் ஸ்காட்லாந்து எல்லை ஊரான கிரெட்னா கிரீன் பேச்சில் வருவது அதனால்தான்.
1857: நீதிமன்றத்தில் விவாகரத்து. மனைவி தவறினாள் என்றால் கணவனுக்கு அதுவே போதும். கணவன் தவறினால் கொடுமை, இரண்டு வருடம் கைவிட்டது போல இன்னொன்றையும் மனைவி சேர்த்து நிரூபிக்க வேண்டும்.
1870: மனைவி சம்பாதித்த கூலி அவளுக்கு.
1882: சொத்தும் அவளுக்கு.

பக்கத்திலேயே நாவல்களை எழுதுங்கள்: டாம் ஜோன்ஸ் 1749, பிரைட் அண்ட் பிரெஜுடிஸ் 1813, ஹார்ட் டைம்ஸ் 1854, தி மில் ஆன் தி ஃப்ளாஸ் 1860, டெஸ் 1891. 1882-க்குப் பின் வந்தது டெஸ் ஒன்றுதான். மற்ற நான்கிலும் கல்யாணமானதும் பெண்ணின் கைப்பொருள் கணவன் கைக்குப் போகும், தனி ஒப்பந்தம் எழுதிப் பாதுகாத்திருந்தால் ஒழிய.

பிரைட் அண்ட் பிரெஜுடிஸ் எழுதிய ஆஸ்டினில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். லாங்போர்ன் பென்னட் குடும்பத்தின் சொத்து, காலின்ஸ் அவர்களின் உறவினர். ‘பெண்களுக்குச் சொத்துரிமை இல்லாததால் லாங்போர்ன் காலின்ஸுக்குப் போகிறது’ என்று எழுதினால் தப்பு. அது நாட்டுக்கே பொதுவான சட்டம் அல்ல, ஆண் வாரிசுக்கே போகும்படி அந்தக் குடும்பச் சொத்தின் மேல் எழுதி வைத்த ஏற்பாடு. காலின்ஸின் புரவலர் லேடி கேத்தரினே சொல்கிறாள்: தன் கணவர் குடும்பத்தில் அப்படியொன்று தேவைப்படவில்லை என்று. அவர்கள் சொத்தான ரோசிங்ஸ் அவள் மகளுக்குத்தான். இந்த ஒரு வரியை வைத்தே ஒரு பத்தி எழுதலாம்.

நாயகி எலிசபெத்தின் அப்பா திரு பென்னட்டுக்கு வருடம் 2,000 பவுண்டு வருமானம். ஏழை இல்லை. மகன் பிறப்பான், அவன் வயதுக்கு வந்ததும் இருவரும் சேர்ந்து அந்த ஏற்பாட்டை உடைத்துவிடலாம் என்று நம்பி எதையும் சேர்த்து வைக்கவில்லை. பிறந்தது ஐந்தும் பெண். அம்மாவுக்கும் பிள்ளைகளுக்குமாக எழுதி வைத்தது 5,000. ஐந்தாகப் பிரித்தால் ஆளுக்கு 1,000. நாலு சதவீத வட்டியில் வருடம் 40 பவுண்டு, அதுவும் அம்மா காலத்துக்குப் பிறகு. இந்தக் கணக்கை எலிசபெத்திடம் சொல்பவர் யார்? பெண் கேட்டு வந்த இடத்தில் காலின்ஸே சொல்கிறார்! சிரிப்புக் காட்சி என்று தாண்டிப் போய்விடாதீர்கள். அவர் சொல்லும் தொகை சரி. எலிசபெத் மறுக்க, அதே மாதிரி பணக் கணக்கால்தான் அவள் தோழி, 27 வயது ஷார்லட் அவரைக் கட்டிக்கொள்கிறாள். ‘ஆஸ்டின் காதல் கல்யாணத்தை ஆதரிக்கிறார்’ என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் ஷார்லட்டை என்ன செய்வதாக உத்தேசம்?

தி மில் ஆன் தி ஃப்ளாஸில் எல்லோரும் நாயகி மேகியிலேயே நிற்பார்கள். நீங்கள் அவள் அம்மாவைப் பிடியுங்கள். அப்பா டல்லிவர் வழக்கில் தோற்றுக் கடனில் விழுகிறார். வீட்டுச் சாமான் ஏலத்துக்குப் போகப்போகிறது. அம்மா தானே நூற்ற மேசைத் துணிகளைப் பரப்பி வைத்து அழுகிறாள். மூலையில் கல்யாணத்துக்கு முந்தைய பெயர், எலிசபெத் டாட்சன். துணியை வெட்டினால் தவிர அந்தப் பெயரை எடுக்க முடியாதபடி தைத்திருக்கிறாள். பெயர் அவளுடையது, துணி கணவனுடையது, அதனால் கணவனின் கடனுக்குப் போகிறது. 1882-க்கு முந்தைய சட்டத்தை இதைவிடக் கச்சிதமாகக் காட்டும் இடம் இந்தப் பாடத்திட்டத்தில் வேறு இல்லை. கதை நடப்பது நாவல் வெளிவருவதற்குப் பல வருடம் முன்பு என்பதையும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

ஹார்ட் டைம்ஸுக்கு முதல் பாகம், 11-ஆம் அத்தியாயம். குடிகார மனைவியிடமிருந்து விடுதலை உண்டா என்று நெசவாளி ஸ்டீஃபன் கேட்கிறான். உண்டு, பல நீதிமன்றம் ஏறி நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் வாங்க வேண்டும், ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு பவுண்டு ஆகும், அதற்கு இரட்டிப்பும் ஆகலாம் என்கிறான் அவன் முதலாளி பவுண்டர்பி. அடுத்து அதே பவுண்டர்பிக்குத்தான் லூயிசாவைக் கட்டிக்கொடுக்கிறார்கள். பெண்ணுக்கு 20, மாப்பிள்ளைக்கு 50, அப்பா புள்ளிவிவரம் காட்டிச் சமாதானம் சொல்கிறார். இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். நாவல் வந்து மூன்றாம் வருடம் 1857 சட்டம்.

டெஸ்ஸுக்கு முதலிரவு. கணவன் ஏஞ்சல், முன்பு ஒரு பெண்ணோடு கழித்த தன் 48 மணி நேரத் தவற்றைச் சொல்கிறான், அவள் மன்னிக்கிறாள். கல்யாணத்துக்கு முன் தனக்கு நடந்ததை அவள் சொன்னதும் அவனால் மன்னிக்க முடியவில்லை. பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். பின்னால், தன் வாக்குமூலத்தை வைத்து அவன் விவாகரத்து வாங்கிக்கொள்ளலாம் என்று டெஸ் நினைக்க, உனக்குச் சட்டம் புரியவில்லை என்கிறான் அவன். காரணத்தை எழுதினால் மதிப்பெண்: கல்யாணத்துக்கு முன் நடந்தது விவாகரத்துக்குக் காரணம் ஆகாது. சட்டம் தண்டிக்காத ஒன்றுக்கு அவன் தண்டிக்கிறான்.

அளவு: பத்து மதிப்பெண் விடைக்கு 150 சொல். அதில் ஒரு தொகை, ஒரு வருடம், ஒரு காட்சி. அதற்கு மேல் எண் சேர்த்தால் கணக்குப்பிள்ளை நோட்டு ஆகிவிடும். இருபது மதிப்பெண்ணுக்கு இரண்டு காட்சி போதும். அப்புறம்தான் விமர்சகர் பெயரெல்லாம். மேற்கோள் மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை, உங்களுக்கு வந்தால் செய்யுங்கள்.

டாம் ஜோன்ஸ் 18 புத்தகம். முழுக்கப் படிக்க நேரமில்லை என்றால் டாமின் காதலி சோஃபியா வீட்டைவிட்டு ஓடுமிடத்தையும் 15-ஆம் புத்தகத்தையும் விடாதீர்கள். டாமோடு தொடர்பு வைத்திருக்கும் பணக்காரி லேடி பெல்லாஸ்டனைக் கழற்றிவிட அவனுக்கு நண்பன் சொல்லும் யோசனை: அவளிடம் கல்யாணம் பேசு. டாமும் பேசுகிறான். அடுத்த கடிதத்திலேயே அவள் விலகிவிடுகிறாள். தன் செல்வம் முழுவதையும் இவன் கையில் கொடுக்க நான் என்ன முட்டாளா என்று கேட்கிறாள்.